முதல் கத்திக்கு எந்தக் கருவி? குறைந்த செலவில் தேய்ப்புக் கருவிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

3 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம் உள்ள எஃகுப் பட்டையில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கத்தி அலகு செய்யப் போகிறீர்கள். முதுகில் தொடங்கி விளிம்பு வரை இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, விளிம்பில் மட்டும் 0.8 மி.மீ. விட வேண்டும். இதற்குக் கழிக்க வேண்டிய எஃகு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் விளிம்பில் 1.1 மி.மீ., முதுகில் பூஜ்ஜியம். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுமார் 2.75 கன செ.மீ., எடையில் ஏறக்குறைய 22 கிராம். சரிவின் கோணம் பக்கத்துக்கு 2.5 டிகிரிதான்.

கருவி தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எது வேகமாகத் தேய்க்கும்?" என்றுதான். 22 கிராமைக் கழிப்பதற்கு வேகம் பெரிய தேவையே இல்லை. அந்த இரண்டரை டிகிரியை 100 மி.மீ. நீளம் முழுக்கச் சீராகப் பிடிப்பதும், சரியான இடத்தில் நிறுத்துவதும்தான் கஷ்டம். அதனால் பணம் குறைவாக இருப்பவர் எந்தக் கருவியைப் பார்த்தாலும், "இது என் கைக்கு அடங்குமா, தவறு செய்தால் எவ்வளவு எஃகைத் தின்றுவிடும்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்வியை வைத்துப் போட்டது.

முதலில் அரம்

மின்சாரக் கருவி எதுவும் இல்லாமலே நல்ல கத்தி செய்யலாம். தேவைப்படுவது உறுதியான ஒரு வைஸ், ஒரு ஹேக்ஸா, மூன்று அரம். 12 அங்குல நீளத்தில் சொரசொரப்பான தட்டை அரம் ஒன்று. கடைகளில் இதை பாஸ்டர்ட் கட் என்பார்கள். 8 அல்லது 10 அங்குலத்தில் மெல்லிய பல் உள்ள ஸ்மூத் அரம் ஒன்று. வளைவுகளுக்கு அரைவட்ட அரம் ஒன்று. இந்த மூன்றில் பணத்தைக் குறைக்காதீர்கள். மலிவான அரத்தின் பல் முதல் கத்தியிலேயே மழுங்கிவிடும், பிறகு நீங்கள் தேய்ப்பது வெறும் சத்தம்தான்.

அரத்துக்குப் பிடி போடாமல் ஒருபோதும் ராவக் கூடாது. பின்பக்கக் கூர்வால் உள்ளங்கையில் இறங்கிவிடும்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்ப இழுக்கும்போது சற்றுத் தூக்கிவிடுங்கள். அழுத்தியபடி பின்னால் இழுத்தால் பல் மழுங்கும். பற்களுக்கு நடுவே எஃகுத் துணுக்கு சிக்கிக்கொண்டால் அடுத்த தள்ளலில் அது அலகின் மேல் ஆழமான கோடு கிழிக்கும். அந்த ஒரு கோட்டை எடுக்க மொத்தப் பரப்பையும் கீழே இறக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க, தொடங்கும் முன் அரத்தின் மேல் கரும்பலகைச் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். இருபது முப்பது தள்ளலுக்கு ஒருமுறை கம்பி பிரஷால் பல்லின் சரிவு ஓடும் திசையிலேயே துலக்குங்கள்.

தேய்க்கும் எஃகு மென்மையான நிலையில் இருக்க வேண்டும். பட்டையின் ஓர் ஓரத்தில் அரத்தை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கடித்து இழுத்தால் சரி. கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் அது ஏற்கெனவே கடினப்படுத்திய எஃகு. மென்மையாக்காமல் அதன்மேல் அரம் போட்டால் அரம்தான் தேயும். புதியவர்களுக்கு 1075 அல்லது 1084 வகைக் கார்பன் எஃகை 3 மி.மீ. தடிமனில், மென்மையாக்கிய நிலையில் கேட்டு வாங்குவது நல்லது.

இனி அந்த இரண்டரை டிகிரி. கையால் மட்டும் ராவினால் தள்ளலின் நடுவில் அரம் லேசாகச் சாயும். சரிவு தட்டையாக வராமல் வயிறு போட்டதுபோல் உப்பும். இதற்கு எளிய மருந்து ஒரு ஃபைலிங் ஜிக், அதாவது அரத்தை ஒரே கோணத்தில் ஓடவைக்கும் சட்டம். வீட்டிலேயே செய்துவிடலாம்:

1. 60 செ.மீ. நீளமுள்ள கட்டியான பலகை ஒன்றை எடுங்கள். ஒரு முனையில் கத்தியைப் படுக்க வைத்து இறுக்க, தட்டையான கட்டையோ இரும்புத் துண்டோ பொருத்துங்கள். கத்தியின் விளிம்பு உங்களைப் பார்த்தும் முதுகு எதிர்ப்பக்கமும் இருக்கட்டும்.

2. பலகையின் மறுமுனையில், கண் உள்ள போல்ட் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலும் கீழும் இரண்டு நட்டு போட்டால் உயரத்தை ஏற்றி இறக்க முடியும்.

3. நேரான 8 மி.மீ. கம்பி ஒன்றை அரத்தின் மேல்பக்கத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கம்பியின் மறுமுனை அந்தக் கண்ணுக்குள் தாராளமாக ஓட வேண்டும்.

4. சரிவு தொடங்கும் முதுகிலிருந்து கண் 400 மி.மீ. தள்ளி இருந்தால், இரண்டரை டிகிரிக்குக் கண்ணின் நடுப்புள்ளி கத்தியின் மேற்பரப்பைவிடச் சுமார் 17 அல்லது 18 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கம்பியின் நடுவுக்கும் அரத்தின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது இந்தக் கூட்டலைத்தான். மறந்தால் கோணம் படுத்துவிடும், அரம் முதுகுப் பக்கத்தையே ராவிக்கொண்டிருக்கும்.

5. ஒரு பக்கத்தில் பாதி ஆழம் வந்ததும் கத்தியைத் திருப்புங்கள். ஒரே பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மெலிந்த விளிம்புக்கு அடியில் தாங்கல் இல்லாமல் அது வளையும்.

விளிம்பில் எங்கே நிறுத்துவது என்று தெரிய, ராவத் தொடங்கும் முன்பே கோடு போட வேண்டும். விளிம்புப் பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். கத்தியைச் சமதளமான கண்ணாடி மேல் படுக்க வைத்து, 2.2 மி.மீ. டிரில் பிட் ஒன்றையும் அதே கண்ணாடி மேல் படுக்க வைத்து, அதன் நுனியால் விளிம்பு நெடுகக் கீறுங்கள். பிட்டின் நுனி தரையிலிருந்து 1.1 மி.மீ. உயரத்தில் இருக்கும். கத்தியைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கீறினால், 3 மி.மீ. பட்டையின் நட்டநடுவில் 0.8 மி.மீ. இடைவெளியோடு இரண்டு கோடு கிடைக்கும். இரண்டு பக்கமும் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். இதற்கென்று விற்கும் கருவி எதுவும் வேண்டாம்.

அரத்தால் மட்டுமே வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூடாக்கி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய பிறகு அரம் வேலைக்கு ஆகாது. அதற்குப் பிறகு எமரித் தாளும் சாணைக்கல்லும்தான். அதனால் தோய்ச்சலுக்கு முன்பே விளிம்பை 0.5 மி.மீ. வரைக்கும் கொண்டுவந்து, பரப்பை 220 நம்பர் எமரி வரை சீராக்கிவிடுங்கள் (நம்பர் கூடக் கூடக் குருணை மெல்லியதாகும்). அதைவிட மெல்லியதாக்கினால் தோய்க்கும்போது விளிம்பு அலை அலையாக நெளிய வாய்ப்புண்டு.

ஆங்கிள் கிரைண்டர்

அடுத்து வாங்க வேண்டியது இதுதான். ஆனால் இதனிடம் ஒரே ஒரு வேலை கேளுங்கள்: கத்தியின் வெளி வடிவத்தை வெட்டுவது. ஹேக்ஸாவில் அரை நாள் எடுக்கும் வேலை இதில் சில நிமிடங்களில் முடியும்.

100 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று வேகத்தில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கும் மேல் போகிறது. நல்ல பெல்ட் கிரைண்டரின் வேகம் பொதுவாக 15 முதல் 25 மீட்டர் வரைதான். கையில் பிடித்த கருவியில் இத்தனை வேகம் இருக்கும்போது இரண்டரை டிகிரிச் சரிவைப் பிடிப்பது பயிற்சி உள்ளவர்களுக்கே அரிது. ஃபிளாப் டிஸ்க் (எமரித் துண்டுகளை விசிறிபோல் அடுக்கிய வட்டு) போட்டுச் சரிவு தேய்க்கும் காணொளிகள் நிறைய உண்டு. முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கை ஒரு நொடி சாய்ந்தாலும் அரை மி.மீ. பள்ளம் விழும், அதைச் சரிசெய்ய எஃகு மிச்சமிருக்காது.

வெட்டும்போது: 1 மி.மீ. கட்டிங் வீல் போதும். கோட்டுக்கு வெளியே 1.5 முதல் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். உள்வளைவுகளை வளைத்து வெட்ட முயலாதீர்கள், கட்டிங் வீலைப் பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து தெறிக்கும். வளைவு வரும் இடத்தில் குறுக்கே பல நேர்வெட்டு போட்டு, பல் பல்லாக நிற்பதை ஒடித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை 60 நம்பர் ஃபிளாப் டிஸ்கால் சமப்படுத்துங்கள். பட்டையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெட்டுவாய் மூடிக்கொள்ளும்படி பட்டை தொய்ந்தால் வீலைக் கவ்விப் பிடிக்கும், கருவி உங்களை நோக்கி எகிறும். வெட்டி விழப்போகும் பக்கம் தாங்கல் இல்லாமல் தொங்கட்டும், வெட்டு தானாக விரியும். வீலை மறைக்கும் காப்பு மூடியைக் கழற்றாதீர்கள். வீலில் அச்சிட்ட அதிகபட்ச வேகம் உங்கள் கருவியின் வேகத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். காலாவதித் தேதியும் அதிலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வெட்டிய ஓரத்தில் அரம் திடீரென்று வழுக்கினால் பயப்பட வேண்டாம். வீலின் சூட்டில் சிவந்த ஓரத்தைப் பக்கத்திலுள்ள குளிர்ந்த எஃகே சட்டென்று குளிர்வித்து அங்கங்கே கடினமாக்கிவிடுகிறது. ஃபிளாப் டிஸ்கால் அந்தத் தோலை எடுத்துவிட்டு அரம் போடுங்கள்.

பெஞ்ச் கிரைண்டர்: ஏற்கெனவே இருந்தால் மட்டும்

இரண்டு கல் வைத்த பெஞ்ச் கிரைண்டர் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. அதனால்தான் பலர் முதலில் அதை வாங்கிவிடுகிறார்கள். கத்தியின் சரிவுக்கு அது பொருந்தாது. காரணம் கல்லின் வளைவு. 150 மி.மீ. கல்லின் ஆரம் 75 மி.மீ. அதில் 25 மி.மீ. அகலத்துக்கு ஒரு சரிவு தேய்த்தால் நடுவில் 1 மி.மீ.க்குச் சற்று அதிகமான பள்ளம் விழும். நாம் எடுத்துக்கொண்ட அலகில் சரிவின் நடுவே பக்கத்துக்கு 1 மி.மீ.க்கும் குறைவான எஃகுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் தேய்த்தால் நடுவில் ஓட்டை விழுந்துவிடும். கல்லின் பக்கவாட்டில் வைத்துத் தட்டையாகத் தேய்க்கலாமே என்று தோன்றும். சாதாரணக் கல் பக்கவாட்டு அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதில்லை, உடையும்.

வீட்டில் இருந்தால் வெளி வடிவத்தைச் சீராக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்குதட்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம்.

பெல்ட் கிரைண்டர்

கத்தி வேலையைத் தொடரப் போகிறீர்கள் என்று உறுதியானால் சேமித்து வாங்க வேண்டிய கருவி இதுதான். பெல்ட்டின் அகலத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் சொல்வது வழக்கம்.

1×30: அகலம் 25 மி.மீ. மிகச் சிறியது, மிக மலிவானது. மோட்டார் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் அளவு. சற்று அழுத்தினாலே திணறி நிற்கும். பெல்ட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு, அதாவது பிளாட்டன், பல மாடல்களில் வளைத்த தகரம்தான். அழுத்தத்தில் அது பின்னால் நெளியும், சரிவு உப்பலாக வரும். 5 அல்லது 6 மி.மீ. தட்டையான எஃகுத் துண்டை அதன்மேல் திருகி இறுக்கினால் கருவியே மாறிவிட்டதுபோல் இருக்கும். அகலம் குறைவு என்பதால், கத்தியை நகர்த்தாமல் ஒரு கணம் நின்றாலும் அந்த இடத்தில் பெல்ட் அகலத்துக்குக் குழி விழும். 75 மி.மீ.க்குள் அலகு உள்ள சிறு கத்தி, கைப்பிடி வேலை, வெளி வடிவம் ஆகியவற்றுக்கு இது தாராளம்.

4×36: மரவேலைக்காரர்களின் கருவி, பக்கத்தில் வட்டத் தட்டும் இருக்கும். கைப்பிடித் துண்டுகளைத் தட்டையாக்கவும், பட்டையின் பக்கங்களைச் சமப்படுத்தவும் இதற்கு நிகரில்லை. சரிவு தேய்ப்பது சிரமம். இதில் எஃகு வைக்கும் முன் உள்ளேயும் தூசிப் பையிலும் இருக்கும் மரத்தூளைச் சுத்தமாகக் கொட்டிவிடுங்கள். பொறி உள்ளே போய்ப் புகைந்துகொண்டே இருந்து, வெகுநேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.

2×42, 2×48: இடைப்பட்டவை. 50 மி.மீ. அகலம் இருப்பதால் சரிவு தேய்க்க வசதி. வாங்கும் முன் இந்த அளவில் எஃகுக்கான பெல்ட் தொடர்ந்து கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கருவி மலிவாகக் கிடைத்து, பெல்ட் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் கருவிகள் பெரும்பாலும் இந்த அளவுகள்தான்.

2×72: 50 மி.மீ. அகலம், 1830 மி.மீ. சுற்றளவு. கத்தி செய்பவர்களின் பொது அளவு இது. பெல்ட் வகைகளும் இந்த அளவில்தான் அதிகம். நீளமான பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் ஆறிவிடும், தேய்மானமும் பரவலாக இருக்கும். 1 குதிரைத்திறனுக்குக் குறையாத மோட்டார் வேண்டும், 1.5 அல்லது 2 இருந்தால் அழுத்தினாலும் வேகம் இறங்காது.

வெல்டிங் தெரிந்தவருக்கு 2×72 கருவியைச் சொந்தமாகக் கட்டுவது சிக்கன வழி. சட்டத்துக்குச் சதுரக் குழாய். மோட்டார் தண்டில் ஓட்டுச் சக்கரம். மேலே, நடுவில் லேசாகப் புடைத்த டிராக்கிங் சக்கரம். அந்தப் புடைப்புதான் பெல்ட்டை நடுவில் நிறுத்துகிறது. பிளாட்டனுக்கு மேலும் கீழும் இரண்டு சிறு சக்கரம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பெல்ட் வேகத்தைக் கணக்கிட, ஓட்டுச் சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து 3.14 ஆல் பெருக்கி, மோட்டாரின் நிமிடச் சுற்றால் பெருக்கி, 60 ஆல் வகுங்கள். 100 மி.மீ. சக்கரமும் 2,850 சுற்றும் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர். பழகுபவருக்கு இதுவே போதும். 150 மி.மீ. சக்கரம் போட்டு 22 மீட்டருக்குப் போனால் தவறும் அதே வேகத்தில் நடக்கும்.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் அதைப் பெரிய மோட்டாருக்குப் போடாதீர்கள், வேகக் கட்டுப்பாட்டுக்குப் போடுங்கள். மூன்று ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுச் சாதனம்) இருந்தால் வேகத்தை 5 மீட்டருக்கு இறக்கி மெல்லிய விளிம்பை நிதானமாகத் தேய்க்கலாம். படிக்கட்டுப் புல்லி வைத்து இரண்டு மூன்று வேகம் எடுப்பது அதைவிடச் சிக்கனம். மோட்டார் முழுக்க மூடிய வகையாக இருக்கட்டும். எஃகுத் தூசி மின்சாரம் கடத்தும், திறந்த மோட்டாருக்குள்ளும் வி.எஃப்.டி.க்குள்ளும் போனால் எரித்துவிடும்.

புதிதோ பழையதோ, எந்தப் பெல்ட் கிரைண்டரையும் வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள். பிளாட்டன் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரிந்துவிடும். தாங்குதட்டுக்கும் பிளாட்டனுக்கும் மூலைமட்டம் வைத்துச் செங்கோணம் பாருங்கள். ஓடும்போது டிராக்கிங் திருகைக் கால் சுற்று திருப்பினால் பெல்ட் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும், இடமும் வலமும் அலைந்துகொண்டே இருந்தால் சக்கரம் கோணல் என்று அர்த்தம். ஒரு துண்டு எஃகை நன்றாக அழுத்திப் பாருங்கள். மோட்டார் திணறுகிறதா, பெல்ட் சக்கரத்தில் வழுக்குகிறதா? முதலாவது சக்திக் குறைவு, இரண்டாவது ஸ்பிரிங் தளர்வு. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம், மோட்டாரை எளிதில் மாற்ற முடியாது.

பெல்ட்டுக்குத் தனிப் பணம்

கருவிக்கு எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு, தேய்ந்த பெல்ட்டோடு போராடுவதுதான் பழகுபவர்கள் செய்யும் பெருந்தவறு. மழுங்கிய பெல்ட் வெட்டாது, உரசும். பொறி குறைந்து சூடு ஏறும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், கை தடுமாறும். சரிவில் வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் கை என்று நினைப்போம், உண்மையில் காரணம் பெல்ட்டாக இருக்கும். கருவியின் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கையாவது பெல்ட்டுக்கு ஒதுக்கிவையுங்கள்.

தொடக்கத்துக்கு 60 நம்பரில் செராமிக் பெல்ட் 4, 120 இல் 3, 220 இல் 3, 400 இல் 2 போதும். செராமிக் குருணைகள் அழுத்தத்தில் உடைந்து புதுக் கூர் காட்டும் தன்மை கொண்டவை. அதனால் வேகமும் அழுத்தமும் உள்ள கருவியில்தான் அவை பலன் தரும். 1×30 போன்ற பலவீனமான கருவியில் குருணை உடையாமல் பளபளத்துப் போகும். அங்கே அதைவிட எளிதாக உடையும் சிர்கோனியா வகை பொருத்தம். மலிவான அலுமினியம் ஆக்சைடு பெல்ட்டை மரக் கைப்பிடிக்கும், 220க்கு மேற்பட்ட மெருகுக்கும் வையுங்கள். 36 நம்பர் ஆசையைத் தூண்டும். ஆனால் அதன் கீறல்கள் ஆழமானவை, 400 நம்பருக்கு வந்த பிறகும் மேலெழுந்து தெரியும்.

பெல்ட்டின் உட்புறம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில் போடுங்கள், திருப்பிப் போட்டால் சில வகைகளில் ஒட்டு பிரியும். மடித்து வைக்காமல் கெட்டியான குழாயில் தொங்கவிடுங்கள்.

பெல்ட்டில் முதல் சரிவு

1. முன்பு சொன்னபடி இரண்டு கோடு கீறி, கைப்பிடிப் பக்கத்தில் சரிவு தொடங்கும் கோட்டை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வரையுங்கள்.

2. தேய்ந்த 60 நம்பர் பெல்ட்டைப் போட்டு, விளிம்பின் இரண்டு ஓரத்தையும் ஏறக்குறைய 45 டிகிரியில் சாய்த்து, கீறிய கோடு வரை தட்டிவிடுங்கள். கூரான ஓரம் புதுப் பெல்ட்டின் குருணையைச் சுரண்டிவிடும். இந்த ஒரு வேலை பெல்ட்டைக் காப்பாற்றும், எங்கே நிறுத்துவது என்றும் காட்டும்.

3. புதுப் பெல்ட்டை மாட்டுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கையை அசைக்காமல் இடுப்பையும் காலையும் நகர்த்தி, தொடக்கக் கோட்டிலிருந்து நுனி வரை ஒரே வேகத்தில் இழுங்கள்.

4. கட்டை விரலின் அழுத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே தேயும். முதலில் விளிம்பை ஒட்டி அழுத்துங்கள், சரிவு உருவாகும். பிறகு விரலைச் சிறிது சிறிதாக முதுகுப் பக்கம் நகர்த்தினால் சரிவும் முதுகை நோக்கி ஏறும். கோணத்தை வலிந்து மாற்றத் தேவையில்லை.

5. மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள். பழக்கமில்லாத கைப் பக்கத்தில் தொடக்கக் கோடு எப்போதும் சற்றுப் பின்தங்கும். அந்தப் பக்கத்தை முதலில் தேய்த்து, பழகிய பக்கத்தை அதற்குப் பொருத்துங்கள்.

6. நுனி பெல்ட்டின் பாதி அகலத்துக்கு வந்ததும் கத்தியை எடுத்துவிடுங்கள். முழுக்க வெளியே இழுத்தால் பெல்ட்டின் ஓரம் நுனியைச் சுற்றிக் கவிந்து, அதன் கூர்மையை உருட்டிவிடும்.

7. வடிவம் முழுக்க 60 நம்பரிலேயே முடிய வேண்டும். 120க்குப் போனதும் வேலை கீறலை எடுப்பது மட்டும். முந்தைய கீறலுக்குச் சற்றுக் குறுக்காகத் தேய்த்தால், மிச்சம் இருக்கும் பழைய கீறல் பளிச்சென்று தெரியும்.

கோணத்தைக் கையால் பிடிக்க முடியவில்லை என்றால், தாங்குதட்டில் நகரும் கோண ஜிக் வாங்கலாம், செய்யவும் செய்யலாம். அதில் குறை எதுவுமில்லை.

சூடு

தோய்ச்சலுக்கு முன் எஃகு நீலமாக மாறினாலும் பெரிய நஷ்டமில்லை. தோய்ச்சலும் டெம்பரிங்கும் (கடினமான எஃகு நொறுங்காதபடி மிதமாகச் சூடாக்குவது) முடிந்த பிறகு நிலைமை வேறு. சாதாரணமாக டெம்பரிங் 200 டிகிரி செல்சியஸ் அளவில் நடக்கும். தேய்க்கும்போது விளிம்பு அதைத் தாண்டினால் கடினம் இறங்கிவிடும். வைக்கோல் நிறம் தெரிந்தால் 210 முதல் 220 டிகிரி, ஊதா சுமார் 280, நீலம் சுமார் 300. மெல்லிய விளிம்பு ஒரு நொடிக்குள் அந்த நிலைக்குப் போகும். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிறம் மேல்தோல்தான், மென்மை இன்னும் உள்ளே இறங்கியிருக்கும்.

ஆகவே கடினமாக்கிய பின் கையுறை இல்லாமல், புதுப் பெல்ட்டில், குறைந்த வேகத்தில் தேய்த்து, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். கத்தியின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர்த்துளியைப் பாருங்கள். பெல்ட்டை நெருங்கும் துளி ஆவியாகத் தொடங்கினால் உடனே எடுத்து முக்க வேண்டும். கடைசிக் கூர்மையைப் பெல்ட்டில் போடாமல் 400, 1000 நம்பர் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரியில் போடுங்கள்.

தூசியும் பொறியும்

இவற்றைக் கருவியோடு சேர்த்து ஒரே பட்டியலில் எழுதி, ஒரே நாளில் வாங்குங்கள். என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரமுள்ள முகமூடி குறைந்தபட்சம். வாரந்தோறும் தேய்ப்பவர் பி100 அல்லது பி3 வடிகட்டி மாட்டும் ரப்பர் முகமூடிக்கு மாறுவது நல்லது. துணி முகமூடியும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இந்தத் தூசியைத் தடுக்காது. பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி, ஆங்கிள் கிரைண்டருக்கு அதன்மேல் முகத்திரை, காதடைப்பான்.

பெல்ட் அருகே துணிக் கையுறை வேண்டாம். நூல் பிடித்தால் விரலைத் தாங்குதட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இழுத்துப் போகும். தொங்கும் துணியும் விரித்த முடியும் அப்படித்தான். பொறி விழும் இடத்தில் தண்ணீர் உள்ள இரும்பு வாளி வையுங்கள், தூசியில் பெரும்பகுதி அதிலேயே அடங்கும். மின்கம்பி வாளியைத் தொடாமல், கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள இணைப்பில் கருவியை ஓட்டுங்கள்.

எஃகு தேய்த்த கருவியில் துப்புரவு செய்யாமல் அலுமினியம் தேய்க்காதீர்கள். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்த குவியலில் பொறி விழுந்தால் தெர்மைட் போல மிகுந்த சூட்டோடு எரியும், தண்ணீர் ஊற்றியும் அடங்காது.

வாங்கும் வரிசை

முதல் கட்டம்: வைஸ், மூன்று அரம், ஹேக்ஸா, கையில் பிடிக்கும் டிரில், எமரித் தாள்கள், முகமூடி, கண்ணாடி. இதை வைத்து இரண்டு மூன்று கத்தி முடியுங்கள். சரிவு எப்படி உருவாகிறது, விளிம்பு எப்போது நடுவை விட்டு விலகுகிறது என்பதை அரம் மெதுவாகக் காட்டிக்கொடுக்கும். பெல்ட்டில் அதைப் பார்க்க நேரம் இருக்காது.

இரண்டாம் கட்டம்: ஆங்கிள் கிரைண்டரும், கட்டிங் வீல்களும், இரண்டு ஃபிளாப் டிஸ்கும்.

மூன்றாம் கட்டத்தில்தான் பெல்ட் கிரைண்டர். சிறு கத்திகளும் கைப்பிடி வேலையும் மட்டும் என்றால் 1×30 வாங்கி, பிளாட்டனைக் கெட்டிப்படுத்துங்கள். 100 மி.மீ.க்கு மேல் அலகு உள்ள கத்திகள்தான் உங்கள் விருப்பம் என்றால் 1×30 கருவியைத் தாண்டிவிட்டு 2×72க்குச் சேமியுங்கள்; அதுவரை ஃபைலிங் ஜிக் கைகொடுக்கும். 1×30 ஏற்கெனவே வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். 2×72 வந்த பிறகும், அதில் 220 நம்பர் பெல்ட்டை நிரந்தரமாகப் போட்டுவைத்து, கைப்பிடி வளைவுகளுக்கும் பிசிறு எடுக்கவும் பயன்படுத்தலாம்.